மேலிருந்து இறங்கும் படம்

பேத்தி பிறந்த நாளிலிருந்து ராஜரத்தினம் தன் கடையில் ஒருவருக்கும் ஒழுங்காகப் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்ததில்லை. அடையாள அட்டையை நீட்டினால் முன்பக்கத்தை இரண்டு முறை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடுவார். "மன்னிச்சுக்குங்க, நம்ம நிஷாந்தினிக்குப் பொம்பளப் புள்ள" என்பார். கண்டி திருகோணமலை வீதியில் இருக்கிற அந்தச் சின்னக் கடைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் காரணம் போதும். சிரித்துக்கொண்டே அட்டையை மறுபடி கொடுப்பார்கள்.

"யார் மாதிரி இருக்கா? படத்தக் காட்டுங்களேன்."

அந்தக் கேள்வி வந்தால் மட்டும் அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார். காட்டுவதற்குப் படம் இல்லை. மகியாவையில் தன் வீட்டுத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு படம் இல்லை.

அதற்குக் காரணம் சர்மிளா. மருமகன் சுதேஷின் மூத்த அக்கா, தெல்தெனியவில் இருக்கிறவள். பிள்ளை பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள்:

"மாமா, முப்பத்தொண்ணாம் நாள் கழியாம புள்ளையப் படம் புடிக்கிறது எங்க பக்கத்துல இல்ல. போன உள்ள வைங்க."

"ஒரே ஒண்ணும்மா. மாப்பிளைக்கு மட்டும்."

"தம்பியும் எங்க அம்மா வயித்துல பொறந்தவன்தானே, அவனுக்குத் தெரியும். கண்ணு பட்டா யாரு பொறுப்பு, நீங்களா?"

அவர் போனை உள்ளே வைத்தார். அந்த நம்பிக்கை அவருக்கும் கொஞ்சம் இருந்தது என்பதுதான் உண்மை.

சுதேஷ் சாமான் ஏற்றும் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை செய்கிறான். மகள் பிறந்தபோது கப்பல் நடுக்கடலில். ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் கிடந்தன. பழைய கப்பல். சொந்தப் போனை அங்கே எதிலும் இணைக்க விட மாட்டார்கள். சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு கம்பியூட்டர். அதில் எழுத்தாக மெயில் வரும், கூட இணைத்து அனுப்புகிற படம் வராது; சாதாரணப் பக்கங்கள் மெதுவாகத் திறக்கும். முகம் பார்த்துப் பேசுகிற எதுவும் வராது, எல்லாவற்றையும் கம்பனி அடைத்து வைத்திருந்தது.

கோயில் ஐயர் நட்சத்திரம் பார்த்து, அனுஷம், ந, நி, நு, நே எழுத்தில் பெயர் வைக்கலாம் என்றார். முப்பத்தொன்று அன்று தகப்பன் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டும், தகப்பன் இல்லாவிட்டால் அத்தை சொல்ல வேண்டும். அது சுதேஷ் வீட்டு முறை.

"கவலைப்படாதீங்க, அத்தைக்காரி நான் இருக்கேன்" என்றாள் சர்மிளா. "எங்க அம்மா பேரு நவமணி. ந-வுல வருதா இல்லியா? கடவுளே பாத்துக் குடுத்த பொருத்தம்."

அறைக்குள்ளிருந்து இதைக் கேட்ட நிஷாந்தினி, சர்மிளா போன பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

"அப்பா, மாமியாரு பேரு நல்ல பேருதான். ஆனா நான் புள்ளையத் திட்டுறப்பல்லாம் மாமியாரத் திட்டுற மாதிரி இருக்குமே."

"சுதேஷ் என்னா சொல்றாரு?"

சுதேஷின் மெயில் இங்கிலிஷ் எழுத்தில் தமிழாக வந்திருந்தது. அதை அவள் வாசித்தாள். கப்டன் அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் இருக்கிற கப்பல் போனில் கொஞ்ச நேரம் பேச விடுவாராம். பெயரைப் போனிலேயே சொல்லலாம், அதற்கு அக்காவும் சம்மதித்துவிட்டாள். ஆனால் ஒன்று. மனதில் நாலைந்து பேர் வைத்திருக்கிறான். மொகத்த ஒரு தடவ பாத்தாத்தான் எந்தப் பேருன்னு வாய்ல வரும், பாக்காத புள்ளைக்கி எப்பிடிப் பேரு சொல்றது, மாமாகிட்ட ஏதாவது வழி இருக்கான்னு கேளு.

மாமாகிட்ட வழி இருக்கா என்று சுதேஷ் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பழைய நெட்டில் பிழைத்த மனுஷன் ராஜரத்தினம்.

அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா மாநகர சபையில் வீதி கூட்டினார். அம்மா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி, அதனால் பள்ளி விடுமுறையெல்லாம், காம்பரா என்கிற ஒற்றை அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய, மாமன் வீட்டு லயத்தில்தான் அவருக்குக் கழிந்தது. படிப்பு நின்ற பிறகு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தார், பாத்திரக் கடையில் மூட்டை தூக்கினார். பிறகு அலவத்துகொடக்காரர் பஹ்மி நானா நடத்திய கொமியூனிகேஷன் கடையில் கூட்டித் துடைக்கவும் கொப்பி எடுக்கவும் சேர்ந்தார். வெளிநாட்டுக்குப் போன் பேச வருகிறவர்கள் வரிசையில் நின்ற காலம் அது. அப்புறம் பஹ்மி இரண்டு கம்பியூட்டர் வாங்கிப் போட்டார். நெட் வந்தது. லைன் பிடிக்கும்போது கீச்சுக்கீச்சென்று கத்தி, பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன் டீ குடித்து முடித்துவிடலாம்.

ஒரு நாள் விடுதிக்காரர் ஒருவர் தன் விடுதிக்கு ஒரு வெப் பக்கம் வேண்டும் என்று வந்தார். பஹ்மி செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். செய்யத் தெரிந்த பெடியனோ வெளிநாடு போய்விட்டான்.

"ராஜு, ஒங்களுக்கு ஏலுமா?"

"பாக்குறேன் நானா."

"பாக்குறதா? எங்க பாக்குறது?"

ராஜரத்தினத்துக்குப் பார்க்கிற இடம் தெரிந்திருந்தது. கடை வெறுமையாக இருந்த நேரங்களில், கம்பியூட்டர் எலியின் வலது பக்கத்தை அழுத்தினால் எந்தப் பக்கத்தின் உள்பக்கத்தையும் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சட்டையைப் புரட்டித் தையலைப் பார்க்கிற மாதிரி. இங்கிலிஷ் அரைகுறை. ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் டேபிள், டேபிள் என்றே எழுதியிருந்தது. நெட்டுக்குள் எதற்கு மேசை என்று இரண்டு நாள் குழம்பினார். மூன்றாம் நாள் ஒரு பக்கத்தின் கோடுகளைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற்றிப் பார்த்தபோது விளங்கிவிட்டது. மேசையாவது ஒன்றாவது, இது லயம்! ஒரு வரிசை, வரிசைக்குள் காம்பராக்கள். ஒரு காம்பராவில் படம், ஒரு காம்பராவில் எழுத்து. பக்கம் முழுக்க லயம் லயமாகக் கட்டி, சுவருக்கு வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள். லயம் அவருக்குத் தெரியாதா?

அவர் கட்டிய முதல் லயம் இடிந்தது. ஆள் குடியிருக்கிற காம்பரா நின்றது. ஒன்றும் வைக்காத காம்பரா சுருங்கி, பக்கத்துச் சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. மறுபடி மற்றவர்களின் பக்கங்களைப் புரட்டினார். எல்லா வெறும் காம்பராவிலும் ஒரு படம் குடியிருந்தது. அதைத் தனியாகத் திறந்தால் ஒன்றுமே தெரியவில்லை. கடுகை விடச் சின்னதாக, நிறமே இல்லாத ஒரு புள்ளி. அதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்து நீட்டலாம், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவரும் அப்படி ஒரு தெரியாத ஆளைச் செய்து ஒவ்வொரு வெறும் காம்பராவிலும் குடியேற்றினார். பக்கம் நிமிர்ந்து நின்றது.

விஷயத்தைக் கேட்டுப் பஹ்மி வயிறு குலுங்கச் சிரித்தார். "இல்லாத ஆள வெச்சிச் சொவர நிப்பாட்டி ஈக்கீங்க. அவன் வாடகையாச்சும் தருவானா?"

அதிலிருந்து வேலை வந்துகொண்டே இருந்தது. ஒரு கோயில் திருவிழாவுக்குத் தமிழில் பக்கம் செய்தார்கள். கடையில் அழகாகத் தெரிந்தது. கனடாவில் பார்த்தவர்களுக்குக் கோழி கிண்டினது போலத் தெரிந்தது, அவர்களுடைய கம்பியூட்டரில் அந்த எழுத்து இல்லை. ராஜரத்தினம் தமிழை எழுத்தாக அனுப்புவதை விட்டுவிட்டுப் படமாக அனுப்பினார். நோட்டீஸை அப்படியே படமாக்கி, துண்டு துண்டாக வெட்டி, காம்பராக்களில் அடுக்கினார். எந்த நாட்டில் திறந்தாலும் முருகன் முருகனாகவே தெரிந்தார். எழுத்துப் பிழை வந்தால்தான் தொல்லை, முழுத் துண்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் விட அவருக்குப் பெருமை, பகல் பெரஹரா என்கிற யானை ஊர்வலத்தைக் காட்டியதுதான். கடையின் மாடி ஜன்னலில் ஒரு சின்னக் கமராவைக் கட்டி, அது எடுக்கிற படம் தானாக நெட்டுக்குப் போகும்படி வைத்தார். சில வினாடிகளுக்கு ஒரு தடவை தன்னைத் தானே மறுபடி திறந்துகொள்ளும்படி பக்கத்துக்கு ஒரு வரி எழுதினார். வீடியோ இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டு இருக்கிறவருக்குப் படம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் எல்லாருக்கும் வெறும் ரோடே தெரிந்துகொண்டிருந்தது. பார்க்கிறவரின் கம்பியூட்டர், இந்தப் பேரில் படம் என்னிடம் ஏற்கனவே இருக்கிறதே என்று பழையதையே எடுத்துக் காட்டியது. அதை ஏமாற்ற, படத்தின் பேருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் ஒவ்வொரு தடவையும் மாறுகிற ஒரு நம்பரும் போட்டார். புதுப் படம் என்று நம்பி அது போய் எடுத்து வந்தது. அப்புறம் யானை நடந்தது. ஒரு படத்தில் தும்பிக்கை, அடுத்த படத்தில் வேறு யானையின் வால். ஆனாலும் டுபாயில் வேலை செய்கிற கம்பளைக்காரர் ஒருவர், வேலைத் தளத்திலிருந்தே எங்க ஊர் வெயிலைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார்.

பஹ்மி நானா இப்போது வீட்டோடு இருக்கிறார், கடை ராஜரத்தினம் பேரில். இன்றைக்கு நெட்டுக்கு இந்தத் தந்திரம் எதுவும் வேண்டாம், எல்லாம் விரலால் தொட்டாலே நடக்கிறது. ஆனால் சுதேஷ் இருக்கிற கப்பலில் இன்னும் அந்தக் காலம்தான். அங்கே சாதாரணப் பக்கம் திறக்கும் என்றால், அவருடைய பக்கமும் திறக்கும்.

"வழி இருக்குன்னு எழுதும்மா" என்று மகளிடம் சொன்னார்.

முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது என்பதால், பாயை விரித்துச் சுவரோரம் ஒரு பூசணிக்காயை வைத்து அதற்குக் குல்லா போட்டார்.

மனைவி சீதா குசினியிலிருந்து வந்து பார்த்தாள். "வாய்ல அடி! புள்ள பொறந்த வூட்டுல கழிப்பு கழிக்கிற பூசணிக்காய இங்க கொண்டாந்து வச்சிருக்கீங்க? அறிவு இருக்கா?"

"உருண்டையா இருந்திச்சேன்னு..."

"ஒங்க தல கூடத்தான் உருண்ட. அத வைங்க."

பூசணிக்காய் போய்த் தலகாணி வந்தது. கடையின் சின்னப் பக்கத்துக்காக அவர் வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்து வைத்திருந்த நெட் இடத்தில், பழைய மடிக்கணினியிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாகப் போய் விழுந்தன. கேள்விக்குறியையும் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுதேஷின் மெயில் வந்தது. நிஷாந்தினி சத்தமாக வாசித்தாள்.

"வந்திருச்சு மாமா. சொவரு, பாய், தலகாணி எல்லாம் தெரியுது. இப்ப ஒரு பூன வந்து படுக்குது. புள்ளைக்கு மீச இருக்குன்னு எங்க குக் சொல்றான்."

வீடே சிரித்தது. ராஜரத்தினம் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். எல்லாம் சரி.

முப்பத்தொன்று அன்று காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. கம்பளையிலிருந்து ஒரு வேன், தெல்தெனியவிலிருந்து ஒரு வேன். வாழைத் தோரணம் கட்டியாயிற்று. வீடு கழுவி, நிஷாந்தினியும் பிள்ளையும் தலை முழுகி, ஐயர் தீர்த்தம் தெளித்துத் தீட்டுக் கழித்தார். "இப்ப எடுக்கலாம் மாமா" என்று சர்மிளாவே கமராவைக் காட்டிச் சொன்னாள். நிஷாந்தினி பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே அலுமாரியில் கவ்வ வைத்த கமரா பார்த்தபடி இருந்தது.

கமரா இருக்கிறது என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அதுவும் மாப்பிள்ளை கப்பலில் இருந்து பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் நிஷாந்தினிக்குப் பின்னால் போய், கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்கிற மாதிரி வரிசை கட்டினார்கள். சர்மிளா மயில் பச்சையில் ஜரிகைச் சேலை. பெரியம்மாக்கள் மஞ்சள், குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம். ஆண்கள் பளபளக்கிற சட்டை. ராஜரத்தினத்துக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. "அசையாம நில்லுங்க, படம் மெதுவாத்தான் மாறும்" என்று வேறு சொல்லி வைத்தார். அவர்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சர்மிளாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கடல் இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சல், அதற்குள் சுதேஷ்.

"அக்கா, கப்டன் கொஞ்ச நேரம்தான் குடுத்திருக்காரு. மாமா எங்க?"

"இங்கதான் மாப்பிள. பக்கம் தெறந்திருக்கா?"

"தெறந்திருக்கு. படம் வருது... தோரணம் தெரியுது. கூர தெரியுது. அக்கா தல. பெரியப்பா தல. பெரியப்பாக்கு முடி கொட்டிருச்சு."

"அது கெடக்கட்டும், கீழ பாரு!" என்றார் பெரியப்பா, உதடு மட்டும் அசைய.

"வருது, வருது... ஐயோ போச்சு."

"என்னா போச்சு?"

"மறுபடி மேலேர்ந்து வருது மாமா. தோரணம். கூர. அக்கா தல..."

ராஜரத்தினம் மடிக்கணினியைப் பார்த்தார். அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப?"

"பெரியம்மா கழுத்துச் சங்கிலி வரைக்கும் வந்திச்சு. திரும்ப மேல போயிருச்சு."

மூன்றாம் தடவையும் அப்படித்தான். சங்கிலி வரைக்கும் இறங்கி, திரும்பத் தோரணம். அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. ஒத்திகையில் இருந்தது வெள்ளைச் சுவரும் தலகாணியும். அந்தப் படம் இறகு மாதிரி இலேசு. இன்றைக்கு இத்தனை நிறம், இத்தனை ஜரிகை, இத்தனை தலை. படம் மூட்டை மாதிரிக் கனத்துவிட்டது. ஒல்லியான லைனில் படம் மேலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அது பாய் வரைக்கும் இறங்குவதற்குள், அவர் எழுதி வைத்த வரி பக்கத்தைப் புதிதாகத் திறந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. பிள்ளை இருக்கிறதோ எல்லாவற்றுக்கும் கீழே, தாயின் மடியில். இப்படியே விட்டால் சுதேஷ் பொழுது சாயும்வரை சொந்தக்காரர்களின் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க!" என்றார்.

யாரும் போகவில்லை. அவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு வந்தவர்கள் எங்கே போவார்கள்? ஒருவரோடு ஒருவர் நெருங்கி, இன்னும் விறைப்பாக நின்றார்கள்.

"நான் அத்தை, நான் எங்க மாமா போறது?" என்றாள் சர்மிளா.

"நல்ல நேரம் முடியப் போகுது" என்று ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா, கப்டன் வாசல்ல வந்து நிக்கிறாரு" என்றது போன்.

சர்மிளா நெஞ்சை நிமிர்த்தினாள். "தம்பி, நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத. படத்த அப்புறம் பாத்துக்கலாம். நேரம் போறதுக்குள்ள நான் சொல்லிர்றேன். அம்மா பேர..."

"அக்கா, கொஞ்சம் பொறு!"

நிஷாந்தினி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

பக்கத்தை மாற்றி எழுதலாம். ஆனால் அதற்குப் படம் போவதை நிறுத்த வேண்டும், கண்ணாடியைத் தேட வேண்டும், அந்த வரியைத் தேட வேண்டும், மறுபடி அனுப்ப வேண்டும். அதற்குள் போன் வெட்டிவிடும். மேலே இருப்பதுதான் முதலில் போகும். பிள்ளை கீழே இருக்கிறாள். பிள்ளையை மேலே கொண்டுவர முடியாது.

அவர் அலுமாரியில் கவ்வி இருந்த கமராவைப் பிடுங்கினார். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். கவிழ்த்து வைத்தால் அது நிற்காது. அதனால் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, என்னா பண்றீங்க?" என்றாள் சீதா.

"சும்மா இரு. மாப்பிள, இப்ப பாருங்க."

போனில் இரைச்சல் மட்டும். அப்புறம்:

"மாமா, என்னமோ மாறிருச்சு. மேல பாய் தெரியுது."

"அந்தப் பாயத்தான் பாக்கணும். பாத்துக்கிட்டே இருங்க."

"ஒரு சேல மடிப்பு... நிஷாந்தினியோட சேல. எல்லாம் தலகீழா இருக்கே மாமா?"

"தலைய சாச்சுப் பாருங்க."

"சாச்சுட்டேன். இங்க குக், எஞ்சினுக்கு எண்ணெ போடுற ஓயிலர் எல்லாரும் சாச்சுக்கிட்டுத்தான் நிக்கிறானுங்க. காலு... மாமா, காலு தெரியுது. இத்தனூண்டு காலு."

ஒருவரும் மூச்சு விடவில்லை. இந்தத் தடவை படத்துக்காக இல்லை.

"கைய மூடி வச்சிருக்கா..."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடல் இரைச்சல் கூடிக் குறைந்தது. ஐயர் தொண்டையைச் செருமினார். சர்மிளா போனை உலுக்கினாள்.

"தம்பி? லைன் போயிருச்சா? தம்பி!"

"இருக்கேன்க்கா." குரல் உடைந்திருந்தது. "மொகம் வந்திருச்சு. அக்கா... இவ ஒன்ன மாதிரி இருக்கா."

"என்னது?"

"மூக்கு, நெத்தி எல்லாம் அப்படியே நீதான்."

சர்மிளாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மயில் பச்சைத் தலைப்பால் துடைத்தாள். "தலகீழாப் பாத்தா எல்லா மூக்கும் அப்படித்தான்டா தெரியும்" என்றாள். ஆனால் உடனே குனிந்து பிள்ளையின் மூக்கை ஒரு தடவை பார்த்தாள். நிமிர்ந்தபோது வேறு சர்மிளா. "சொல்லுடா. நேரம் போகுது. என்னா பேரு வாய்ல வந்திச்சோ அதச் சொல்லு. அம்மா பேரு எங்கயும் ஓடிப் போகாது."

அவளே மண்டியிட்டுப் போனைப் பிள்ளையின் வலது காதோரம் பிடித்தாள். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை என்பதால் வீடு முழுக்கக் கேட்டது.

"நிலானி" என்றான் சுதேஷ். "நிலானி. நிலானி."

மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் போன் வெட்டியது. கப்டன் அதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ.

ஒரே ஆரவாரம். சீதா குலவை போட்டாள். பெரியம்மாக்கள் நிஷாந்தினியைச் சுற்றிக் குனிந்து, நிலானி, நிலானி என்று ஆளுக்கொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நல்ல பேரு, வாய்க்கு லேசா வருது" என்றார் தலையைத் தடவியபடி பெரியப்பா. சர்மிளா சர்க்கரைத் தண்ணீர் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. குசினியில் பாயாசம் கிண்டுகிற சத்தம் தொடங்கியது.

ராஜரத்தினம் மட்டும் அலுமாரி ஓரத்தில், கமராவைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அதக் கீழ வச்சிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள் சீதா. "அதான் பேரு வச்சாச்சே."

"போன்தானே வெட்டிச்சு. பக்கம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவரு இன்னும் பாத்துக்கிட்டு இருப்பாரு."

"அதுக்கு?"

"புள்ள கண்ணு தெறக்கல இன்னும்."

சீதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். பிறகு போய் ஒரு கப்பில் பாயாசம் கொண்டுவந்து, கரண்டியால் ஊதி ஊதி அவர் வாயில் வைத்தாள். பார்த்தவர்கள், "இங்க யாருக்கு முப்பத்தொண்ணுன்னு தெரியலையே" என்று கேலி செய்தார்கள். அவருக்குத் தோள் வலித்தது. முழங்கை நடுங்கியது. ஆனால் எதிரே பாயில் நிலானி கொட்டாவி விட்டாள், அதுவும் வாய் முழுக்க, பெரிய மனுஷி மாதிரி. பிறகு ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியில் மெயில் வந்த சத்தம் கேட்டது. சர்மிளா மடிக்கணினியைத் தூக்கிக் கொண்டுபோய் நிஷாந்தினியின் முன்னால் வைத்தாள். நிஷாந்தினி மடியில் பிள்ளையோடு எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"கண்ண தெறந்தத பாத்துட்டேன். கொட்டாவி பாதிதான் வந்திச்சு. மாமாகிட்ட கைய எறக்கச் சொல்லு, படம் ஆடுது. என் வேல நேரம் தொடங்க இன்னும் கொஞ்சம் இருக்கு, ஆனா பரவாயில்ல."

"இன்னும் கொஞ்சம் இருக்காமா?" என்று கேட்டார் ராஜரத்தினம்.

"இருக்குன்னுதான் போட்டிருக்காரு அப்பா. நீங்க கைய எறக்குங்க."

அவர் கையை இறக்கவில்லை. கமராவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.